சண்டை நடக்கும் ஊரில் பிள்ளைகள் மூச்சுவிடும் இடங்கள்: கண்டுபிடித்துக் காப்பது எப்படி?

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தான் வாழும் இடத்தைத் தாளில் வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு இருக்கிறது. வீடு அதைவிடக் கொஞ்சம் பெரிது. தாளின் நடுவே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு மாடிப்படி. ஒவ்வொரு படியையும் எண்ணி எண்ணி வரைந்திருக்கிறாள். படிக்குக் கீழே ஒரு முக்கோணம், அதற்குள் இரண்டு தலைகள்.

"இது யாரு?"

"நானும் பக்கத்து வீட்டு அக்காவும்."

"அங்கே என்ன பண்ணுவீங்க?"

"அஞ்சு கல் வச்சு விளையாடுவோம். வெளியே சத்தம் வந்தாலும் அங்கே லேசாத்தான் கேக்கும்."

ஊரடங்கு, சோதனைச் சாவடி, நள்ளிரவுத் தேடுதல், குண்டுவீச்சு என்று நாள்கள் நகரும் ஊரில் அந்த முக்கோணம் பெரியவர்கள் கண்ணில் படுவதே இல்லை. காலி இடம்தானே என்று நாளைக்கே பழைய சாமான்களை அடுக்கிவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை, தெரியாமல்தான் செய்கிறார்கள். அப்படி ஓர் இடத்தை இழந்த பிள்ளை வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள்.

பெற்றோர், ஆசிரியர்கள், முகாம்களில் வேலை செய்யும் தொண்டர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகள் தங்களுக்கான இடங்களை நமக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு படியையும் அமைத்திருக்கிறேன். அந்த இடங்களைத் தெரிந்துகொள்வதும் அவற்றைக் கெடுக்காமல் இருப்பதும்தான் நம் முதல் வேலை. புதிதாக ஒன்றைக் கட்டுவதெல்லாம் வெகு பின்னால் வரவேண்டியது.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

கேள்வியோடு தொடங்காதீர்கள். பள்ளி விட்டதிலிருந்து இருட்டும்வரை பிள்ளையின் கால் எந்தப் பக்கம் போகிறது, யாரோடு போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று தள்ளி நின்று கவனியுங்கள். சத்தமோ கைதோ நடந்த மறுநாள் அந்தப் போக்கு மாறுகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். சாதாரண நாளில் தெருமுனைக்கு ஓடும் பையன் அன்றைக்கு மட்டும் வாசற்படியைத் தாண்டாமல் இருப்பான். அப்படியானால் அவனுக்கு இரண்டு இடங்கள் உண்டு: நல்ல நாளுக்கு ஒன்று, கெட்ட நாளுக்கு ஒன்று.

ஓர் இடம் பிள்ளைக்கு நல்லது செய்கிறதா என்பதை உடம்பு காட்டிக்கொடுக்கும். தூக்கிவைத்த தோள் இறங்கும். தானாக முணுமுணுத்துப் பாடும். நேரம் போவது தெரியாது. நான் அதிகம் நம்பும் அடையாளம் சண்டைதான். பிள்ளைகள் விளையாட்டு விதிக்காகச் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள் என்றால், அந்த இடத்தில் அவர்களுக்குப் பயம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த இடம் என்ன தருகிறது என்றும் யோசியுங்கள். மாடிப்படியின் அடிப்பகுதி மறைவைத் தருகிறது. மொட்டைமாடி தூரத்தைப் பார்க்கத் தருகிறது. எதிரே யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிவதே பல பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். பாட்டி வீட்டு முற்றம் பழைய நாள்களைத் தருகிறது. பந்து உதைக்கும் வெற்றுத் திடல், இங்கே நான் வைத்ததுதான் சட்டம் என்ற உணர்வைத் தருகிறது. ஓர் இடம் பறிபோகும்போது ஈடாக எதைத் தேடவேண்டும் என்று பின்னால் முடிவு செய்ய இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

படி 2: பிள்ளையோடு சேர்ந்து வரைபடம் போடுங்கள்

இரண்டாவது வாரத்தில் தாளும் பென்சிலும் கொடுங்கள். "பயமான இடம் எது?" என்று ஆரம்பித்தால் பிள்ளை மூடிக்கொள்ளும், அல்லது நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லித் தப்பித்துவிடும். "நேத்து காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எங்கெல்லாம் போனே? வரைஞ்சு காட்டு" என்று கேளுங்கள். வரைந்து முடித்த பிறகு, "இதிலே எங்கே இருந்தா உனக்கு நல்லா இருக்கு?" என்பது போதும். அளவுகளைக் கவனியுங்கள். எது பெரிதாக இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது, எதன் மேல் கிறுக்கி அழித்திருக்கிறது? பதிலுக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

முடிந்தால் பிள்ளை முன்னே நடக்க நீங்கள் பின்னே போங்கள். வழிகாட்டி அவன்தான். தாளில் வராத பல விஷயங்கள் நடக்கும்போது வாயிலிருந்து வரும்: "இங்கே வேகமா நடப்போம்", "இந்த வீட்டு அம்மா கதவைத் திறந்து வச்சிருப்பாங்க".

இங்கே ஓர் எச்சரிக்கை, இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானது இதுதான். ஆயுதங்கள் சூழ்ந்த ஊரில் வரைபடம் என்பதே ஆபத்தான காகிதம். சாவடி, காவலரண், மறைவான சந்து எல்லாம் குறித்த ஒரு தாள் தேடுதலில் சிக்கினால், அதைப் பிள்ளை விளையாட்டாக வரைந்தது என்று யாரும் ஏற்கமாட்டார்கள். ஆகவே தாளில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். படைகள் நிற்கும் இடங்களை வரைய வேண்டாம். கைப்பேசியில் படம் பிடிக்கக் கூடாது. பேசி முடித்ததும் கிழித்துவிடுங்கள். மணலிலோ சிலேட்டிலோ வரைந்து கையால் அழித்துவிடுவது இன்னும் நல்லது.

மனதில் இருப்பதை வரையும் சாதாரண ஓவியத்தை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் நடத்திய தெரேசின் முகாமில் ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். 1944-இல் அவர் ஆவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பெட்டிகளில் இருந்த சுமார் 4,500 ஓவியங்கள் இன்று பிராகாவின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பலவற்றில் வரைந்த பிள்ளையின் பெயரும் உண்டு. அப்படிப்பட்ட ஓவியத்தைப் பத்திரமாக வையுங்கள். வழித்தடத்தைக் காட்டும் தாளை வைத்திருக்காதீர்கள்.

படி 3: நிஜ ஆபத்தையும் நம் பயத்தையும் பிரியுங்கள்

வரைபடத்தில் பார்த்த ஒவ்வோர் இடத்தையும் எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே உண்மையிலேயே என்ன நடந்திருக்கிறது? எந்த நேரத்தில்? பிள்ளை இங்கிருந்து எத்தனை நொடியில் பாதுகாப்பான சுவருக்குள் வர முடியும்? பல இடங்கள் நாள் முழுவதும் ஆபத்தானவையாக இருப்பதில்லை. சாயங்காலம் ரோந்து வரும் தெரு, காலையில் அமைதியாக இருக்கும். அப்படியிருக்க முழுத் தடை போடுவதைவிட நேரம் குறித்துக்கொடுப்பது பிள்ளைக்கு நல்லது. காரணம் புரியாத தடையைப் பிள்ளைகள் கள்ளத்தனமாக மீறுவார்கள், அப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. சண்டை நடந்த திடல், கைவிட்ட வீடு, பழைய காவலரண் ஆகியவற்றில் வெடிக்காத குண்டுகளும் கண்ணிவெடிகளும் கிடக்கலாம். கொத்துக்குண்டுகளின் சிறு உருண்டைகளும் தகரக்குப்பி போன்ற துண்டுகளும் பிள்ளைகள் கண்ணுக்கு விளையாட்டுச் சாமான்தான். அவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு இதைப் பழக்குங்கள்: தொடாதே, கல்லால் எறியாதே, அப்படியே நில், வந்த கால்தடத்திலேயே திரும்பு, பெரியவரிடம் சொல். இதைப் பாடம்போல் ஒருதரம் சொல்லி முடித்துவிடாமல் விளையாட்டாக நடித்துப் பார்க்க வையுங்கள். ஆபத்தில்லாத வெறும் தகரத் துண்டு ஒன்றைத் தரையில் போட்டுவிட்டு, பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

படி 4: வீட்டுக்குள் ஒரு மூலை

பாலஸ்தீனக் குடும்பங்களோடு நடந்த ஓர் ஆய்வில், பிள்ளைகளுக்கு வீடு ஒரே நேரத்தில் கோட்டையாகவும் கூண்டாகவும் இருப்பது வெளிப்பட்டது. வெளியே போக முடியாத நாள்களில் காக்கிற அதே சுவர்தான் அடைக்கவும் செய்கிறது. நள்ளிரவில் படையினர் கதவை உடைத்துக்கொண்டு வந்த வீட்டில் கோட்டை என்ற நம்பிக்கையே போய்விடுகிறது.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஜன்னலிலிருந்து தள்ளி, உள்சுவர் ஓரமாக ஒரு பாய். பிள்ளையின் அனுமதி இல்லாமல் யாரும் திறக்காத ஒரு பெட்டி. வீட்டில் எல்லாமே யார் யாராலோ சோதனை போடப்படும்போது, தனக்கென்று மூடிவைத்த ஒரு பெட்டி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெட்டி கொடுத்த இரண்டாம் நாளே தெரியும். அதற்குள் வெறும் மூடிகளும் நூல்கண்டும்தான் இருக்கும், ஆனால் தம்பியைத் தொட விடமாட்டாள். பதுங்கும் அறை தனியாக இருந்தால், சத்தம் இல்லாத நாளிலும் அங்கே கதை சொல்லிச் சாப்பிட்டுப் பழக்குங்கள். பயம் வரும்போது மட்டும் நுழையும் அறை, நுழைந்த உடனே பயத்தைக் கிளப்பும்.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் பிள்ளைகளுக்கான காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் கவனித்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததுதான் பல பிள்ளைகளை அதிகமாக உலுக்கியது. ஆகவே எந்த மூலையை ஒதுக்கினாலும் அது பெரியவர் ஒருவரின் குரல் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினாலும் சரி, துணி மடித்தாலும் சரி. உங்கள் கை வழக்கமான வேலையில் இருப்பதைப் பார்க்கும் பிள்ளை தானாகவே தணியும்.

படி 5: பள்ளியும் பள்ளிக்குப் போகும் வழியும்

வழியைப் பற்றி நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை. 2001-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், ஹோலி கிராஸ் தொடக்கப் பள்ளிச் சிறுமிகள் வசைச் சொற்களுக்கும் வீசப்பட்ட பொருள்களுக்கும் நடுவே, பாதுகாப்புப் படையினர் இரு பக்கமும் நிற்க, பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் பள்ளிக்கு நடந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை வகுப்பறையைவிடப் பெரிய இடம் அந்தத் தெருதான்.

தனியாக அனுப்பாதீர்கள். ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து, நடுவில் சின்னவர்கள், முன்னும் பின்னும் பெரிய பிள்ளைகள் என்று போகட்டும். வழியில் மூன்று நான்கு வீடுகளில் முன்கூட்டியே பேசி, "ஏதாவது ஆனா இங்கே ஓடி வந்துடணும்" என்று பிள்ளைகளை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கதவு தட்டும் முறையைக்கூட ஒருதரம் செய்து பார்க்கட்டும். சோதனைச் சாவடியில் கையைப் பையிலிருந்து வெளியே வைத்திருப்பது, ஓடாமல் நிற்பது, பெயரைத் தெளிவாகச் சொல்வது ஆகியவற்றைப் பழக்கவேண்டியிருப்பது வேதனைதான். ஆனாலும் பழக்குங்கள். சாவடியைத் தாண்டியதும் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டோ ஓட்டப்பந்தயமோ வைத்துக்கொள்வார்கள் என்றால் அதைத் தடுக்காதீர்கள். உடம்பில் தேங்கிய பதற்றம் அப்படித்தான் வெளியேறும்.

பள்ளி நடக்கும் இடம் மாறலாம். 1992 முதல் 1996 வரை முற்றுகையில் இருந்த சரயேவோவில் மாடிப்படிகளிலும் நிலவறைகளிலும் பாடம் நடந்தது. உக்ரைனின் கார்கிவ் நகரில் 2023 செப்டம்பரில் மெட்ரோ நிலையங்களுக்குள் வகுப்புகள் தொடங்கின. கட்டடம் மாறினாலும் மணியடிக்கும் நேரம், யார் பக்கத்தில் யார் உட்காருவது, காலையில் யார் கரும்பலகை துடைப்பது ஆகியவை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளி என்று நினைப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

பள்ளியைப் படையினர் முகாமாக்கியிருந்தால் கேட்டுப்பெற ஆதாரம் உண்டு. 2015-இல் ஆஸ்லோவில் உருவான பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தை நூறு நாடுகளுக்கு மேல் ஏற்றிருக்கின்றன. ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமை, 1989-இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவில் இருக்கிறது. இவற்றைப் பெற்றோர் ஒருவராகத் தனியே போய்க் கேட்க வேண்டாம். தலைமையாசிரியர், மதத் தலைவர், உதவி அமைப்பு என்று கூட்டமாகப் போங்கள்.

படி 6: போர் விளையாட்டைக் கண்டு பதறாதீர்கள்

குச்சியைத் துப்பாக்கியாக்கி ஒருவனைச் சுவரோடு நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒருத்தி பொம்மைக்குக் கட்டுப்போடுவாள். பார்க்கும் நமக்கு நெஞ்சு கனக்கும், உடனே நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். நிஜத்தில் தான் எதுவும் செய்யமுடியாமல் நின்ற ஒன்றை, இங்கே தன் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறது பிள்ளை. இன்று சாவடி வீரனாக இருப்பவன் நாளை பிடிபடுபவனாக மாறுகிறானா, கதைக்குப் புதிய முடிவு வருகிறதா, நடுவே சிரிப்பு வருகிறதா? வந்தால் விளையாட்டு தன் வேலையைச் செய்கிறது.

வேறு ஒரு வகையும் உண்டு. 1976-இல் கலிபோர்னியாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அதிர்ச்சிக்குப் பின் வரும் விளையாட்டை விவரித்தார். ஒரே காட்சி, ஒரே வரிசை, ஒரே முடிவு. திரும்பத் திரும்ப நடக்கும், சிரிப்பில்லை, விளையாடி முடித்த பிள்ளை முன்னைவிடப் பதற்றமாக இருக்கும். அப்படித் தெரிந்தால் விளையாட்டுக்குள்ளேயே மெல்ல நுழையுங்கள்: "இந்த வண்டியிலே டாக்டரும் வர்றாங்களே, எங்கே நிறுத்தட்டும்?" வாரக்கணக்கில் மாற்றமே இல்லை என்றால் கடைசிப் பகுதியில் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள்.

படி 7: யாருக்கு இடமே இல்லை என்று தேடுங்கள்

எல்லாப் பிள்ளைகளின் வரைபடங்களையும் பார்த்த பிறகு ஒன்று தெரியும்: சிலருக்குத் தாள் கிட்டத்தட்ட காலி. வயதுக்கு வரும் சிறுமிகளின் இடம் முதலில் சுருங்கும். "நிலைமை சரியில்லை" என்ற ஒரு வார்த்தையில் திடல், தெரு, தோழி வீடு மூன்றும் போய்விடும். அவர்களுக்கு மொட்டைமாடியையோ உள்முற்றத்தையோ நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் ஆண்பிள்ளைகள் வரக்கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பதின்வயதுப் பையன்களுக்குப் பிரச்சினை வேறு. அவர்கள் தெருவில் நின்றாலே ஒரு பக்கம் சந்தேகப்படுவார்கள், இன்னொரு பக்கம் ஆள்சேர்க்க வருவார்கள். தங்களைவிடச் சின்னவர்களுக்குப் பந்தாட்டம் நடத்தும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். நடக்க முடியாத, காது கேளாத பிள்ளைகளுக்குச் சத்தம் வரும்போது யார் கைபிடிப்பது என்பதை ஆள் பெயரோடு முடிவு செய்யுங்கள்.

படி 8: புதிதாக இடம் அமைக்கத்தான் வேண்டுமென்றால்

முகாம்களில் பிள்ளைகளுக்காக அமைக்கும் பாதுகாப்பான கூடாரங்கள் 1999-இல் கொசோவோ அகதிகளுக்காக அல்பேனியாவில் தொடங்கி உலகெங்கும் பரவின. பல நாடுகளில் மதிப்பிட்டுப் பார்த்தபோது உடனடி நன்மை தெரிந்தது, அது எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை, நீண்ட நாளைக்கு நிற்கவும் இல்லை. காரணம் என்று எனக்குத் தோன்றுவது இது: கூடாரம் வந்ததும் வாசற்படியும் மொட்டைமாடியும் பாட்டி வீடும் நம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. பிள்ளையோ நாளில் இரண்டு மணி நேரம்தான் கூடாரத்தில் இருக்கிறது.

முன்னுதாரணம் தேடுவதானால் இரண்டைச் சொல்வேன். 1943-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த டென்மார்க்கில், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் 'குப்பை விளையாட்டுத் திடல்' ஒன்று திறந்தது. ஊஞ்சலும் சறுக்குமரமும் கிடையாது; பலகை, கயிறு, செங்கல், மண்வெட்டி மட்டும். நிலத்தோற்ற வடிவமைப்பாளர் சோரன்சன் முன்பே சொல்லிவந்த யோசனை அது. வீடுகள் இடிபட்ட காலத்தில் பிள்ளைகள் அங்கே தங்கள் கையால் வீடு கட்டினார்கள். இரண்டாவது, 1996-இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சித் தோட்டம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கிராமங்களிலிருந்து பேருந்தில் ஒன்றாக வந்து, செடிகளுக்கும் விலங்குகளுக்கும் நடுவே களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் கைவைத்தார்கள். இரண்டிலும் பொருளைப் பிள்ளை தன் கையால் மாற்ற முடிந்தது, பெரியவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

உங்களால் முடிந்தது ஒரு மரத்தடியும் பழைய பலகைகளும்தான் என்றால் அதுவே போதும். ஆணிகளை மட்டும் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள்.

படி 9: இடம் பறிபோகும்போது

வீட்டை விட்டுக் கிளம்ப அரைமணி நேரம்கூடக் கிடைக்காது. அதற்கு முன்பே, பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும் என்று பேசி வையுங்கள். கைக்கடக்கமான ஒன்று. சரயேவோவில் 2017-இல் திறந்த போர்க்காலக் குழந்தைமை அருங்காட்சியகம் முழுக்க இப்படிப் பிள்ளைகள் விடாமல் வைத்திருந்த சின்னச் சின்னப் பொருள்களால் ஆனது. போன இடத்தில், படி 1-இல் மனதில் குறித்துக்கொண்டதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மறைவு வேண்டிய பிள்ளைக்குக் கூடாரத்துக்குள் ஒரு துணித் திரை, உயரம் வேண்டிய பிள்ளைக்கு ஒரு மேடு, கூட்டம் வேண்டிய பிள்ளைக்குப் பழைய அண்டைவீட்டார் அருகே இடம். பழைய இடத்தைப் பற்றிப் பேசினால் அழுவார்கள் என்று பேச்சை மாற்றாதீர்கள். அழட்டும், அந்தப் படிகளை எண்ணிச் சொல்லட்டும்.

இடம் மட்டும் போதாத நேரம்

நாலைந்து வாரம் தாண்டியும் தூக்கம் வராமலிருந்தால், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினால், சாப்பாடும் விளையாட்டும் இரண்டுமே வேண்டாம் என்றால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், பயிற்சி பெற்றவர் ஒருவரிடம் கூட்டிப்போங்கள். சாகவேண்டும் என்று பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நெருக்கடிக் கால மனநல உதவிக்காக 2007-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்கள் உதவியை நான்கு அடுக்காகப் பிரிக்கின்றன. பாதுகாப்பும் உணவும் அடியில், குடும்பமும் சமூகமும் அதற்கு மேல், பயிற்சி பெற்ற பணியாளரின் நேரடி ஆதரவு மூன்றாவதாக, மனநல மருத்துவம் உச்சியில். நாம் இங்கே பேசியதெல்லாம் இரண்டாவது அடுக்கு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது போதும், எல்லாருக்கும் போதாது.

மூன்று மாதம் கழித்து அந்தச் சிறுமியிடம் இன்னொரு தாளைக் கொடுங்கள். முதல் தாளைக் கிழித்துவிட்டோம், ஆகவே நினைவில் வைத்துத்தான் ஒப்பிடவேண்டும். மாடிப்படி இன்னும் நடுவில் இருக்கிறதா? முக்கோணத்துக்குள் தலை இரண்டுதானா, மூன்றாவதாக யாராவது வந்திருக்கிறார்களா? அக்கா இல்லாமல் ஒரே ஒரு தலை மட்டும் இருந்தால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளோடு அந்தப் படிக்கடியில் போய் உட்காருங்கள். ஐந்து கல்லை அவளே எடுத்துக்கொண்டு வருவாள்.